அத்தானின் கிற்றாரில் இருபத்தொரு பள்ளங்கள்

முறைப்படி செய்த காரியம் பிழைக்காது என்று அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் முப்பத்தைந்து வருடம் அரச சேவையில் இருந்தவன்தான். கோவை (கோப்பைத்தான் சொல்கிறேன்) திறப்பது, குறிப்பு எழுதுவது, ஆட்சேபனை கேட்பது, பரிசோதிப்பது, அங்கீகாரம் பெறுவது எல்லாம் எனக்கு நித்திரையிலும் வரும். ஆனால் என் வாழ்க்கையின் ஆக மோசமான காரியத்தை நான் முறை தவறிச் செய்யவில்லை. ஒரு படியும் விடாமல், ஒவ்வொன்றுக்கும் திகதி போட்டுத்தான் செய்தேன். அப்படித்தான் இன்னொருவருடைய மின்சாரக் கிற்றாரை அரத்தால் ராவினேன்.

(இன்னொருவர் என்றால் என் அக்காவைக் கட்ட இருந்தவர். இதைப் பிறகு சொல்லலாம் என்று பார்த்தேன். ஒளித்து என்ன பயன்?)

எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்துநான்கு வயது. வீடு கோப்பாயில். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அரச அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். பின்னேரங்களில் சைக்கிளில் அரியாலைக்குப் போய் ஒரு மெல்லிசைக் குழுவில் கிற்றார் வாசித்தேன். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதில் இருந்த சிலர் இன்றைக்கும் மரியாதையாக வாழ்கிறார்கள். குழுவை நடத்தியவர் தேவண்ணை. அக்கோடியன் வாசிப்பார். வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். யாராவது பிழைவிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறப்பார். அந்த ஒற்றைக் கண்ணை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குழுவில் என்னைச் சேர்த்தது என் வாசிப்புக்காக அல்ல. என்னிடம் இருந்த கிற்றாருக்காக. அது ஜப்பானில் வாங்கியது. சிவப்பு உடல், கறுப்புக் கழுத்து. அந்த நாட்களில் அப்படியொன்றைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். அதற்குச் சொந்தக்காரர் குணம் அத்தான். தொண்டைமானாற்றுக்காரர், அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணரின் மகன், கப்பலில் எலக்ரீசியன். அக்காவுக்கும் அவருக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. இருவரும் பெரியவர்களான பிறகு ஒரேயொரு தடவைதான் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அத்தான் மூன்று தேத்தண்ணி குடித்தார். ஒரு வசனம் பேசவில்லை.

கப்பலுக்குத் திரும்பப் போகும்போது கிற்றாரை என்னிடம் தந்தார்.

"தம்பி சபா, கப்பலிலை உப்புக்காத்து. உதின்ரை கழுத்து வளைஞ்சுபோம். நீ வைச்சு வாசி. ஆனால் கலியாணத்தண்டைக்கு என்ரை கையிலை தா."

"நீங்களோ வாசிக்கப்போறியள் அத்தான்?"

"ஒரு பாட்டு. ஒண்டே ஒண்டு." நிலத்தைப் பார்த்தார். "உன்ரை அக்காவைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டுது. எல்லாருக்கும் முன்னாலை அந்த ஒரு பாட்டை வாசிச்சுவிட்டனெண்டால், பிறகு கதைக்க வருமெண்டு நினைக்கிறன். கப்பலிலை வேறை ஒரு பெடியன்ரை கிற்றாரிலை பழகிக்கொண்டிருக்கிறன்."

ஒரு மனிதன் தன் வாயையே என்னிடம் அடைவு வைத்துவிட்டுப் போவது போல இருந்தது. "கண்போலை பாப்பன் அத்தான்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

வினை வந்தது ஒரு படத்தால். அத்தான் தந்துவிட்டுப் போன சாமான்களுக்குள் ஒரு வெளிநாட்டு இசைச் சஞ்சிகை கிடந்தது. அதில் யாரோ ஒருவரின் கிற்றார்க் கழுத்தைக் கிட்டத்தில் பிடித்த படம். கிற்றாரின் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதித்திருக்கும் அல்லவா, வீணையில் மெட்டு என்போமே, அதுதான். வழக்கமாக மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவில் மரம் தட்டையாக இருக்கும். தந்தியை அழுத்தினால் விரல் போய் மரத்தில் முட்டி நிற்கும். இந்தப் படத்தில் அந்த மரத்தைக் குழிவாகத் தோண்டியிருந்தது. ஒவ்வொரு இடைவெளியும் நுங்கு எடுத்த பனங்காய்க் குழிபோல. கீழே நாலு வரி. விரல் மரத்தில் முட்டாதபடியால் தந்தியை வேண்டியபடி இழுத்து வளைக்கலாம். எல்லோருக்கும் இது பொருந்தாது. பொருந்துமா என்று வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. (சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.) மரத்தைக் குறைத்தால் ஓசை எப்படிக் கூடும்? இல்லாத ஒன்றில் விரலை வைத்து எப்படி வாசிப்பது? தட்டையான மரத்தில் தந்தியை இழுத்து ஒரு கமகம் வாசிக்கப் போனால் என் விரல் மரத்தில் உராய்ந்து பாதி வழியில் நின்றுவிடும். தேவண்ணை ஒற்றைக் கண்ணைத் திறப்பார். அப்படியானால் பிழை என்னுடையது அல்ல, மரத்துடையது! இருபத்துநான்கு வயதில் இதைவிட இனிமையான கண்டுபிடிப்பு வேறு என்ன இருக்கிறது?

வீட்டில் அக்காவின் வீணை இருந்தது. அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து ஓர் அடிமட்டம் கொண்டுவந்து, வீணையின் மெட்டுக்கும் கீழே உள்ள மரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளக்கத் தொடங்கினேன். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"என்னடா, என்ரை வீணைக்கு அளவெடுக்கிறாய்? சட்டை தைக்கப்போறியோ?"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிக்காரர் முதல்லை கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ. மீன் மணக்குது."

கழுவிக்கொண்டு வந்தேன். "அக்கா, வீணையிலை விரல் மரத்திலை முட்டுறேல்லைத்தானே?"

"எப்பிடி முட்டும்? மெட்டை மெழுகிலை உயத்தியெல்லோ வைச்சிருக்கு. தந்தி மெட்டிலை பட்டால் காணும். பிறகு இழுக்கவேண்டியதுதான்."

"அப்ப பிடிக்க ஒண்டும் இல்லாத இடத்திலை உனக்கு ஏன் சுருதி பிசகிறேல்லை?"

"கை பழகியிருக்கு. அமத்தாமல் தொடுறன். உன்ரை கை பாரக் கையடா, உனக்கு உது சரிவராது."

இந்தப் பதிலை நான் குறித்துக்கொள்ளவில்லை. அளவு அல்லாத எதையும் கோவையில் சேர்ப்பதில்லை என்பது அப்போது என் கொள்கை.

ஆம், கோவை திறந்திருந்தேன். விடயம்: கிற்றாரின் விரற்பலகையில் மெட்டுகளுக்கு இடையிலான மரத்தைக் குழிவாக்குதல். நடுவில் கோடு போட்டு, சார்பாக ஒன்பது காரணங்களும் எதிராக ஒரு காரணமும் எழுதினேன். எதிரானது இது: "ராவிய மரம் திரும்ப வளராது." ஒன்பதுக்கு ஒன்று. எந்தச் சபையிலும் நிறைவேறக்கூடிய பெரும்பான்மை.

பிறகு குழுவினரின் கருத்துக்காகக் கோவையைச் சுற்றுக்கு விட்டேன். பாடகர், "அப்பிடி வாசிக்கேக்கை என்ரை குரல் கேக்குமோ?" என்று எழுதியிருந்தார். மேளம் அடிப்பவர், "தேவண்ணை சொன்னது சரி" என்று எழுதினார். தேவண்ணை அப்போது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கடைசியாகத் தேவண்ணை எழுதினார்: "எனக்கு ஆட்சேபனை இல்லை. கிற்றார் ஆருடையது?"

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நான் "கவனிக்கப்படும்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அரச சேவையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அரசாங்கத்துக்குக் கடிதம் போட்டுக் காத்திருந்த எவரையும் கேளுங்கள்.

அத்தானுக்கு எழுதிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கடிதம் போய்ச் சேரும்போது கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்குமோ. தவிர, அவர் மறுத்துவிடக்கூடும் என்ற வாய்ப்பும் இருந்தது. கலியாணத்தன்று தன் கிற்றார் வீணைபோலக் குழைவதைக் கேட்டு அவர் என்னைக் கட்டிப் பிடிப்பார் என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

அரியாலையில் ஒரு தச்சரிடம் கிற்றாரைக் கொண்டுபோனேன். அவர் கழுத்தை ஒரு கண்ணால் நோட்டம் பார்த்தார். தடவினார். சஞ்சிகைப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒருத்தன் சரியாய்ச் செய்து முடிச்ச வேலையிலை நான் கை வைக்கமாட்டன்."

"இன்னும் திறமாய் வருமெண்டு..."

"அரம் வேணுமெண்டால் கொண்டுபோ. பாவம் உனக்குச் சேரட்டும்."

வட்ட அரம் ஒன்றும், இரண்டு தாள் சாண்ட் பேப்பரும் தந்தார்.

முழுவதையும் ஒரேயடியாகச் செய்யும் அளவுக்கு நான் மூடன் அல்ல. முதலில் ஒரு முன்னோடித் திட்டம். கழுத்தின் ஆகக் கீழ் முனையில், உடலுக்குக் கிட்ட உள்ள நாலு இடைவெளிகளை மட்டும் ராவிப் பார்ப்பது. சரி என்றால் மற்றதைச் செய்வது. வீட்டுக்குப் பின்னாலுள்ள விறகுக் கொட்டிலுக்குள் இருந்து, தந்திகளைக் கழற்றி, மெட்டுகளுக்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டி வேலையைத் தொடங்கினேன். மரம் கறுப்புத் தூளாகக் கொட்டியது. அரம் மூன்று தரம் வழுக்கியது. மூன்று தரமும் கழுத்தைப் பிடித்திருந்த என் இடது கையின் விரல் நுனிகளில்தான் போய் நின்றது. நாலு பள்ளம் முடிய மூன்று விரல்களில் தோல் இல்லை. தடிமன், சளி என்று அலுவலகத்துக்கு இரண்டு நாள் லீவு எழுதினேன்.

இரண்டாம் நாள் தந்தியைப் பூட்டி, அந்தப் பள்ளங்களில் விரலை வைத்தேன். நொந்தது. ஆகவே பூவைத் தொடுவது போலத் தொட்டேன். இழுத்தேன்.

அந்த ஓசையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தந்தி விரலுக்குக் கீழே நழுவவில்லை, விரலோடு வந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எங்கே ஏறியது என்று தெரியாமல் ஏறியது. உள்ளேயிருந்து அக்காவின் குரல்:

"அம்மா, ஆரது என்ரை வீணையை எடுத்தது?"

இதைவிட ஓர் அங்கீகாரம் வேண்டுமா? திகதி போட்டுக் கோவையில் எழுதினேன்: "பரிசோதனை வெற்றி. முழுமையாக நிறைவேற்றவும்."

மிச்சப் பதினேழு இடைவெளிகளையும் ஒன்பது பின்னேரங்களில் ராவி முடித்தேன். இந்தத் தடவை விரல்களில் துணி சுற்றியிருந்தேன். (அனுபவத்திலிருந்து பாடம் கற்பவன் நான்.) சாண்ட் பேப்பரால் மினுக்கி, தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தபோது இருபத்தொரு பள்ளங்களும் அத்தனை வடிவாக, அத்தனை ஒழுங்காக இருந்தன. திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை. பரிசோதனைதான் ஏற்கெனவே முடிந்துவிட்டதே. முடிந்த பரிசோதனையைத் திரும்பச் செய்வது வீண் வேலை.

அதன் பிறகு நேரமும் கிடைக்கவில்லை. பொம்பிளையின் ஒரேயொரு தம்பி என்பவன் கலியாண வீட்டில் மனிதன் அல்ல, ஒரு சைக்கிள். அழைப்பிதழுடன் தொண்டைமானாறு, வாழைக்குலைக்கு நீர்வேலி, பந்தலுக்கு ஆள் பிடிக்க வேறோர் இடம். பகலில் அலுவலகம். அது மதிப்பீடுகள் அனுப்பும் காலம். எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதத்துக்கும் கீழே ஐந்து கார்பன் வைப்போம். ஐந்தாவது பிரதியில் எழுத்து மங்கலாக விழுந்தால் பிரதம லிகிதர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது கடிதமோ, ஆவியோ?" என்பார். ஆகவே பத்து விரலாலும் இடித்து இடித்து அடிப்பேன். மூன்று கிழமை அப்படியே போனது. விரல்கள் நன்றாக ஆறிவிட்டன. குழுவின் ஒத்திகைக்கும் போக முடியவில்லை. "எல்லாம் தெரிஞ்ச பாட்டுத்தானே" என்று தேவண்ணைக்குச் சொல்லி அனுப்பினேன்.

அத்தான் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்தான் வந்து இறங்கினார். ஆள் அனுப்பிக் கேட்டார்: "கிற்றார் சுகமோ?" நானும் சொல்லி அனுப்பினேன்: "நல்ல சுகம்."

காலையில் தாலி கட்டு. மத்தியானம் சாப்பாடு. நாலு மணிக்கு எங்கள் குழு. முற்றத்துப் பந்தலில் ஊரே இருந்தது. பொம்பிளையும் மாப்பிளையும் சோடித்த கதிரைகளில் இருந்தார்கள். கூறைச் சேலையில் அக்கா தலை குனிந்தபடி, பட்டு வேட்டியில் அத்தான் நிமிர்ந்தபடி. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. காலையில் வாசித்த நாதஸ்வரக்காரர் முன் வரிசையில் வெற்றிலையுடன் சாய்ந்திருந்தார். ஒலிபெருக்கிக்காரர் இரண்டு புனல்களைப் பனையில் ஏற்றிக் கட்டியிருந்தார். ஒன்று கோப்பாய்ச் சந்தியைப் பார்த்தது, மற்றது தோட்டங்களைப் பார்த்தது.

முதலில் பிள்ளையார் பாட்டு. அதில் என் வேலை மூன்று நாலு தந்திகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்துத் தட்டுவது. உண்மையில் எந்தப் பாட்டிலும் என் வேலையில் முக்கால்வாசி அதுதான். கமகம் வாசிக்கும் சந்தர்ப்பம் பத்துப் பாட்டுக்கு ஒருமுறை வரும். இது ஏன் கோவையில் எந்தக் காரணமாகவும் இடம்பெறவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

அழுத்தினேன். தேவண்ணையின் ஒரு கண் திறந்தது.

இன்னும் அழுத்தினேன். இரண்டாவது கண்ணும் திறந்தது. அதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"சபா, சுருதி ஏறுது. இறக்கு" என்றார் பல்லைக் கடித்தபடி.

முடுக்காணியைத் திருப்பித் தந்தியைத் தளர்த்தினேன். இப்போது சும்மா தட்டினால் தந்தி சுருதிக்குக் கீழே நின்றது. விரல் வைத்தால் மேலே போனது. நடுவில் எங்கேயோதான் சுருதி இருந்தது. நான் போகிற பாதையில் அது இல்லை. பயத்தில் கை இன்னும் இறுகியது. கை இறுக இறுகச் சுரம் மேலே மேலே ஏறியது. பாடகர் என்னைத் துரத்திக்கொண்டு ஏறினார். ஒரு கட்டத்தில் குரல் பிரிந்து இருமினார். முன் வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கம் சொன்னார்:

"உது புதுவிதம். கொழும்பிலை இப்ப உப்பிடித்தான் வாசிக்கினமாம்."

நாதஸ்வரக்காரர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பிக்குச் சுருதியோடை ஏதும் கோவமோ?"

பாட்டு முடிந்தது. அதாவது, ஒவ்வொருவராக நிறுத்தினோம். அந்த நேரம் பார்த்து அத்தான் எழுந்து வந்தார். முகத்தில் வியர்வை. நெஞ்சில் எத்தனை மாதம் சுமந்த பாட்டோ.

"தம்பி, தா."

"அத்தான், இண்டைக்கு வேண்டாம். உது கரண்ட் அடிக்குது."

"எனக்கோ? நான் எலக்ரீசியனடா."

கிற்றாரை வாங்கினார். நீட்டு வயரோடு போய்த் தன் கதிரையிலேயே அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். தேவண்ணை ஒலிவாங்கியையும் அவருக்கு முன்னால் தள்ளி வைத்தார். அத்தான் இடது கையைக் கழுத்தில் வைத்தார். கை நின்றது. இருட்டில் படி இல்லாத இடத்தில் காலை வைத்தவரின் முகம் அது. குனிந்து பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே விரலை ஓட்டினார். இருபத்தொரு பள்ளங்களையும் எண்ணினார் என்றே நினைக்கிறேன். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சமும் கோபமில்லாமல், உண்மையான கவலையோடு கேட்டார்:

"தம்பி, எலி கடிச்சுப்போட்டுதோ?"

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று உண்மை.

"ஓம் அத்தான்" என்றேன்.

ஒலிவாங்கி அவருக்கு முன்னால் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? கேள்வியும் பதிலும் பனையேறிச் சந்திக்குப் போய்விட்டன. பந்தலில் ஒருவர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பாட்டுத்தான் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு முதலாவது சுரத்தை அழுத்தினார். கப்பலில் இரும்பு முறுக்கிய கை. என்னுடையதைவிட மோசமாக ஏறியது. இரண்டாவது சுரம் அதைவிட. நிறுத்தினார். காது சிவந்துவிட்டது. கிற்றாரைக் கழற்றுவதற்குத் தோளிலிருந்த பட்டியில் கை வைத்தார். நான் பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனிதனின் நாக்கை நான் அரத்தால் ராவிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அப்போது அக்கா தலையை நிமிர்த்தாமலே கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தாள். அவள் மெல்லத்தான் சொன்னாள். ஆனால் புனல்களுக்கு மெல்லச் சொல்வது என்றால் என்னவென்று தெரியாது.

"மெல்லமாய் அமத்துங்கோ."

கோப்பாய் முழுக்கக் கேட்டது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். ஐயா பந்தலின் கூரையை ஆராய்ந்தார்.

அத்தான் அவளைப் பார்த்தார். "என்ன?"

"பிடிச்சு நெரிக்காதேங்கோ. விரல் மரத்திலை முட்டக்கூடாது. சும்மா தொடுங்கோ, காணும்."

தொட்டார். "இப்பிடியோ?"

"இன்னும் மெல்ல."

"இப்ப?"

"ஓம். இனி இழுங்கோ."

தாலி கட்டி முழுதாக ஒரு பகல் ஆகவில்லை, பொம்பிளை வாய் திறந்து மாப்பிளைக்குக் கட்டளை போடுகிறாள், அவர் நல்ல பிள்ளையாகக் கேட்கிறார், தோட்டத்து வாய்க்காலில் தண்ணி மாறுகிறவன்வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். முதலில் சிரித்தவர் நாதஸ்வரக்காரர். பிறகு பந்தலே சிரித்தது. அத்தானும் சிரித்தார். சிரித்ததில் கை தளர்ந்தது. தளர்ந்த கையால் அந்தப் பாட்டை வாசித்தார். திறமாக வாசித்தார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் மறந்தார். ஆனால் சுருதி இருந்த இடத்தில் இருந்தது. பாட்டின் கடைசியில் தந்தியை இழுத்து ஓர் இழை விட்டார், அக்கா தன்னை மறந்து தலையை ஆட்டினாள். பிறகு அவர்கள் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். தேவண்ணை ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு போகும்வரை எல்லாம் எங்களுக்கும் கேட்டது.

விசாரணை, கலியாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்து அடுத்த நாள் காலை நடந்தது. விசாரணை அதிகாரி அக்கா. அத்தான் பார்வையாளர்.

"எலி எங்கை, கூப்பிடு" என்றாள். "அரத்தோடை வந்து, சாண்ட் பேப்பர் போட்டு, எண்ணெயும் பூசிவிட்டுப் போன எலியை எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்."

ஒப்புக்கொண்டேன். ஆனால் என்னைக் குடைந்தது வேறு. "அக்கா, பரிசோதிச்சுப் பாக்கேக்கை சரியாய் வந்ததே. நீயே வீணையெண்டு நினைச்சாய்."

அவளுக்கும் அது புதிராகத்தான் இருந்தது. கிற்றாரை என் கையில் தந்து, ஒரு சுரத்தை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். அவள் அதே சுரத்தை வீணையில் மீட்டினாள். என்னுடையது மேலே நின்றது. "விரலை மெல்ல எடு, ஆனால் விடாதை" என்றாள். எடுக்க எடுக்கச் சுரம் இறங்கி வந்து வீணையோடு சேர்ந்தது. மூவரும் குனிந்து பார்த்தோம். அழுத்தும்போது தந்தி பள்ளத்துக்குள் இறங்கி இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறுகிறது. தட்டை மரமாக இருந்தால் விரலைத் தடுத்து நிறுத்தியிருக்கும். இத்தனை வருடமும் என் பாரக் கையைக் காப்பாற்றி வந்தது அந்த மரம்தான். நன்றிக்கடனாக நான் அதை ராவிவிட்டேன்.

அத்தான் என் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். ஆறிய தழும்புகள். "இது எப்ப?"

"முதல் நாலு பள்ளம் தோண்டேக்கை."

"அப்ப நீ பரிசோதிச்சது நொந்த கையாலை."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அத்தானைப் பார்த்தேன். அவ்வளவுதான் விடயம். நான் பரிசோதித்தது கிற்றாரை அல்ல, என் புண்ணை. புண் ஆறியது, ஐந்து கார்பனுக்குப் பழகிய கை திரும்பி வந்தது.

இப்போது யாராவது இளைஞர் வந்து, தன் கிற்றாரின் மரத்தைக் குழிவாக்கலாமா என்று என்னைக் கேட்டால் (இதுவரை ஒருவரும் கேட்கவில்லை), நான் சொல்வது சின்ன விஷயம். அரத்தைத் தொடுவதற்கு முன், இருக்கிற கிற்றாரிலேயே ஒரு சுரத்தை அழுத்திப் பிடி. பிறகு விரலைத் தளர்த்திக்கொண்டே வா. சுரம் கரகரக்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்து. வழக்கமாக அந்த அளவு மென்மையாகத்தான் வாசிக்கிறாயா? தந்தியை இழுத்து வாசிக்கும் பாட்டுத்தான் உன் பாட்டா? அப்படியென்றால் யோசி. என்னைப்போலப் பிடித்து நெரிப்பவன் என்றால் மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போ.

அன்றைக்கு அக்கா கிற்றாரை மடியில் வீணைபோலக் கிடத்தி, ஒரு தந்தியை மட்டும் மீட்டி வாசித்தாள். அந்தப் பள்ளங்கள் யாருக்காகத் தோண்டப்பட்டன என்று அப்போது தெரிந்தது. அத்தான் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு அந்தக் கிற்றார் அவருடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. தேவண்ணை என்னைக் குழுவிலிருந்து விலக்கவில்லை, பெரிய மனது. தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தந்தார். தாளத்துக்குத் தட்ட வேண்டும். சிரட்டைக்குச் சுருதி இல்லை.

அக்காவும் அத்தானும் இப்போது கடல் தாண்டி இருக்கிறார்கள். அந்த வீட்டில் கோபம் வந்து குரல் உயர்ந்தாலும், கார்ப் பிரேக்கை மிதித்தாலும், பற்பசைக் குழாயைப் பிதுக்கினாலும் யாராவது ஒருவர் "மெல்லமாய் அமத்துங்கோ" என்பார். தமிழ் சரியாக வராத பேரப்பிள்ளைகளுக்கும் அந்த இரண்டு சொல் சுத்தமாக வரும். என்னை அவர்கள் முறைப்படி தாத்தா என்று அழைக்க வேண்டும். அக்காவின் பிள்ளைகள் கூப்பிட்டதைக் கேட்டு அவர்களும் எலி மாமா என்றே கூப்பிடுகிறார்கள்.

சென்ற மாதம் பேத்தி ஒருத்தி தான் கட்டப்போகும் பெடியனை வீட்டாருக்குக் காட்டக் கூட்டி வந்தாள். வேற்று நாட்டுப் பிள்ளை. வாசல் மணியை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றானாம். உள்ளேயிருந்து அத்தனை பேரும் கத்தினார்களாம். பிறகு அவனைத் தொலைபேசித் திரையில் எனக்குக் காட்டினார்கள். நல்ல முகம். கை கூப்பி, எவரோ சொல்லிக்கொடுத்த தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, மிகுந்த மரியாதையுடன் சொன்னான்:

"வணக்கம், எலி மாமா."

அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறான். பெயர் திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. படிவம் நிரப்ப வேண்டும், சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், சமாதான நீதவானின் கையொப்பம் வேண்டும், ஆட்சேபனைக்குக் காலம் கொடுக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும்.

"வணக்கம் தம்பி" என்றேன்.